46 போர்டு, 21 வீடு

நேத்து சாயங்காலம் ஆறு மணி இருக்கும். திருநெல்வேலிலேருந்து போன். எடுத்தா அந்தப் பக்கம் பேச்சே இல்ல. "ஐயா, கேக்குதா?"ன்னு ரெண்டு தடவ கேட்டேன். பதில் வரல.

அப்புறம்தான் புரிஞ்சுது. அவர் போனை ஸ்பீக்கர் பொட்டிக்கு முன்னாடி வச்சிருக்காரு.

பி.சுசீலா பாடிக்கிட்டு இருந்தாங்க.

போன் வழியா வந்தா எந்தப் பாட்டும் தகர டப்பாக்குள்ள பாடின மாதிரிதான் கேக்கும். ஆனாலும் நான் அப்படியே சேர்ல உக்காந்துட்டேன். பாட்டு முடியிற வரைக்கும் எந்திரிக்கல. முடிஞ்சதும் அவர் குரல்: "தம்பி, ஹம்மே இல்ல பாத்துக்கிடுங்க. காதைக் கொண்டுபோயி ஸ்பீக்கர்ல வச்சாலும் இல்ல."

அவருக்கு 74 வயசு. நாப்பது வருஷம் ரேடியோ மெக்கானிக்கா இருந்தவரு. அவரோடதுதான் கடைசி செட்டு. நாங்க 21 பேரு சேந்து வாங்கின வால்வு ஆம்ப் போர்டு அத்தனையும் இப்போ பாடிக்கிட்டு இருக்கு.

அந்த சந்தோஷத்துலதான் இதை எழுத உக்காந்தேன். ரொம்ப நீளமா போகும், காபி போட்டுக்கிட்டு வந்துருங்க.

*

முதல்ல இது என்ன போர்டுன்னு சொல்லிடறேன்.

இங்கிலாந்துல முல்லார்டுன்னு ஒரு வால்வு கம்பெனி. அவங்க வால்வு நல்லா விக்கணும்னா, அதை வச்சு என்ன செய்யலாம்னு ஜனங்களுக்குத் தெரியணும் இல்லையா? அதனால 1950கள்ல ஆம்ப்ளிபயர் சர்க்யூட்டை அவங்களே டிசைன் பண்ணி, வேணுங்கறவங்க செஞ்சுக்கோங்கன்னு வெளியிட்டாங்க. 1959ல 'சர்க்யூட்ஸ் ஃபார் ஆடியோ ஆம்ப்ளிபயர்ஸ்'னு அதையெல்லாம் ஒரே புக்காவே போட்டாங்க. அதுல ரொம்பப் பிரபலமானது 5-10. அஞ்சு வால்வு, பத்து வாட். ஒரு ஈஎஃப்86, ஒரு ஈசிசி83, ரெண்டு ஈஎல்84, ரெக்டிஃபயருக்கு ஒரு வால்வு. (நாங்க ரெக்டிஃபயருக்கு மட்டும் சிலிக்கான் டையோடு போட்டுட்டோம். அதனால எங்களோடது 4-10!)

பத்து வாட்டு போதுமான்னு கேப்பீங்க. வீட்டு ஹாலுக்குத் தாராளம். நம்பலைன்னா ஒரு தடவ வந்து கேட்டுப் பாருங்க.

ஈஎல்84ஐ ஏன் எடுத்தோம்னா அதுக்கு ஒரு உள்ளூர் காரணம் இருக்கு. பெங்களூர்ல இருக்கற பாரத் எலக்ட்ரானிக்ஸ், அதான் பெல் கம்பெனி, ஒரு காலத்துல வால்வு தயாரிச்சாங்க. நம்மூரு ரேடியோ, கிராமபோன் செட்டுல எல்லாம் அவங்க வால்வு இருக்கும். பழைய ரேடியோ கடைக்காரங்க வீட்டுப் பரண்ல, டிரங்குப் பொட்டியில, இன்னும் டப்பா பிரிக்காத பெல் ஈஎல்84 கெடக்கு. எங்க குழுவுல பாதிப் பேருகிட்ட ஏற்கெனவே வால்வு இருந்துச்சு. இல்லாதது போர்டுதான்.

"வால்வு ஆம்புக்கு எதுக்குய்யா பிரிண்டட் போர்டு? டேக் ஸ்ட்ரிப்ல ஒயர் இழுத்துக் கட்டினாத்தானே அது வால்வு செட்டு?"

இந்தக் கேள்வி வராத நாளே கெடையாது. சேலத்து அண்ணன் ஒருத்தர் இதுக்காகவே என்கிட்ட அரை மணி நேரம் சண்டை போட்டாரு. கைல ஒயரிங் பண்ற அழகை நான் மறுக்கவே இல்ல. நல்லா ஒயரிங் பண்ணின பழைய செட்டைத் திருப்பிப் போட்டுப் பாத்தா பூக்கட்டின மாதிரி இருக்கும். ஆனா பிரிண்டட் போர்டு வால்வுக்கு அந்நியம்னு சொன்னா மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். பால் ஐஸ்லர்னு வியன்னாவுலேருந்து லண்டன் போன ஒரு எஞ்சினியர். 1936 வாக்குல அவர் தன்னோட முதல் பிரிண்டட் சர்க்யூட்டை எதுக்குச் செஞ்சாரு தெரியுமா? ஒரு ரேடியோவுக்கு. டிரான்சிஸ்டரே அப்போ பிறக்கல! ரேடியோன்னா வால்வு ரேடியோதான். ஆக, போர்டு முதல்ல சோறு தின்னதே வால்வு வீட்டுலதான்.

அப்புறம் 1959ல அமெரிக்காவுல டைனக்கோ கம்பெனி ஸ்டீரியோ 70னு ஒரு கிட்டு விட்டாங்க. ஈஎல்34 நாலு. அதுல சின்ன சின்ன பார்ட்ஸ் எல்லாம் ஒரு பிரிண்டட் போர்டுல ஏற்கெனவே சால்டர் பண்ணி வரும். வாங்கினவங்க டிரான்ஸ்பார்மர், சாக்கெட் ஒயரிங்கை முடிச்சாப் போதும். லட்சக்கணக்குல வித்துச்சு. எஞ்சினியர் இல்லாதவங்க கூட ஒரு நல்ல ஆம்பைத் தன் கையால செஞ்சாங்கன்னா அதுக்கு அந்தப் போர்டுதான் காரணம்.

எங்க கணக்கும் அதேதான். இருபது பேரு செய்யும்போது இருபது செட்டும் ஒரே மாதிரி பாடணும். ஒருத்தருக்குக் கோளாறு வந்தா, "ஆர்7க்கு இந்தப் பக்கம் எத்தனை வோல்ட் வருது?"ன்னு போன்லயே கேக்க முடியணும். போர்டு இருந்தாத்தான் அது நடக்கும். சேலத்து அண்ணனும் கடைசில ரெண்டு போர்டு வாங்கினாரு.

*

சரி, கதைக்கு வரேன்.

போன வருஷம் ஆடி மாசம். ரிச்சி ஸ்ட்ரீட்ல டீ குடிச்சிக்கிட்டே நாலு பேரு பேசினதுதான் ஆரம்பம். "அவனவன் தனித்தனியா அஞ்சு அஞ்சு போர்டு அடிச்சு, ரெண்டை யூஸ் பண்ணிட்டு மூணை டிராயர்ல போடறான். சேந்து அடிச்சா என்ன?" இவ்வளவுதான். நான் வாட்ஸ்அப்ல போட்டேன். வேணுங்கறவங்க கை தூக்குங்கன்னேன்.

34 பேரு கை தூக்கினாங்க.

மதுரை, சேலம், கோயம்புத்தூர், புதுச்சேரி, பெங்களூர் தமிழர் ரெண்டு பேரு, காரைக்கால்லேருந்து ஒரு டாக்டர். எனக்குத் தலைகால் புரியல. உடனே 34 பேருக்கு, ஆளுக்கு ரெண்டு (ஒரு சானலுக்கு ஒரு போர்டு), ஸ்பேர் நாலு, மொத்தம் 72 போர்டுன்னு கணக்குப் போட்டு, தயாரிக்கிறவங்ககிட்ட விலை வாங்கினேன். ஒரு போர்டு 330 ரூபான்னாங்க. அந்த விலையைக் குழுவுலயும் சொல்லிட்டேன்.

அது தப்பு. இப்போ யாரு கேட்டாலும் முதல்ல இதைத்தான் சொல்றேன்: பணம் வர்றதுக்கு முன்னாடி விலை சொல்லாதீங்க.

ஏன்னா பணம் அனுப்புங்கன்னு சொன்னப்போ 21 பேருதான் அனுப்பினாங்க. மிச்சம் 13 பேரு மேல எனக்கு வருத்தம் இல்ல. ஒருத்தர் வீட்டுல ஆஸ்பத்திரிச் செலவு, ஒருத்தருக்கு வேலை மாத்தம், சிலருக்கு ஆசை ஆறிப்போச்சு. நடக்கறதுதான். ஆனா 72 போர்டு 46 ஆச்சு, 330 ரூபா 380 ஆச்சு. போர்டு தயாரிப்புல ஃபிலிம், டெஸ்டிங் செட்டப் மாதிரி சில செலவு ஒரு போர்டு அடிச்சாலும் நூறு போர்டு அடிச்சாலும் அதேதான். ஆள் குறைஞ்சா அந்தச் சுமை மிச்ச பேரு தோள்ல ஏறும்.

விலை ஏறினதும் ஒருத்தர் தனியா மெசேஜ் அனுப்பினாரு. "தம்பி, இதுல உங்களுக்கு எவ்வளவு நிக்குது?"

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. நெசமா சொல்றேன், வலிச்சுது. ஆபீஸ் விட்டு வந்து பதினோரு மணி வரைக்கும் லே-அவுட் போட்டுக்கிட்டு இருந்தேன் அப்போ. கோவமா ஒரு பதில் டைப் பண்ணினேன். அனுப்பாம அழிச்சேன். விடிய விடிய யோசிச்சதுல ஒண்ணு தோணுச்சு. அவர் கேட்டதுல என்ன தப்பு? என் முகத்தைக் கூடப் பாக்காதவரு. ரெண்டாயிரம் ரூபா அனுப்பறாரு. கேக்கற உரிமை அவருக்கு இருக்கு. கேக்க வேண்டிய அவசியமே வராதபடி நான் வச்சிருக்கணும்.

காலையில எந்திரிச்சு ஒரு கணக்குத் தாள் போட்டேன். யாரு வேணாலும் எப்போ வேணாலும் திறந்து பாக்கலாம். பில் ஒவ்வொண்ணோட போட்டோவும் அதுல இருக்கும். உங்களுக்கும் உதவும்னு இங்கயும் போடறேன்:

ஆம்ப் போர்டு 46, தலா 380. அது 17,480.
பவர் சப்ளை போர்டு 23, தலா 220. அது 5,060.
ஃபிலிம், டெஸ்டிங் செட்டப், ரெண்டு டிசைனுக்கும் சேத்து 6,000.
இதுக்கெல்லாம் 18 சதவீதம் ஜிஎஸ்டி 5,137.
சாம்பிள் போர்டு ரெண்டு தடவ அடிச்சது, வரி, கூரியர் எல்லாம் சேத்து 7,500.

மொத்தம் 41,177. ஆளுக்கு 2,000னு 21 பேருகிட்ட வாங்கினது 42,000. மிச்சம் 823 ரூபா. அது பபுள் ரேப்புக்கும் அட்டைப் பொட்டிக்கும் சரியாப் போச்சு. தபால் செலவு அவங்கவங்களோடது.

கேள்வி கேட்டவரு பதில் எதுவும் போடல. மறுநாள் காலையில பணம் அனுப்பிட்டாரு.

*

சாம்பிள் போர்டுக்கு 7,500 தண்டமான்னு ரெண்டு பேரு கேட்டாங்க. இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா பேசணும், ஏன்னா மொத்தக் கதையும் இதுலதான் இருக்கு.

நான் லே-அவுட் போட்டது கீகேட்ல. இலவச மென்பொருள், அருமையானது. வால்வு ஆம்புக்கு லே-அவுட் போடறப்போ கவனிக்க வேண்டியது டிரான்சிஸ்டர் போர்டு மாதிரி இல்ல. இங்க 320 வோல்ட் டிசி ஓடுது. பக்கத்து பக்கத்துத் தடத்துக்கு நடுவுல போதுமான இடைவெளி வேணும். ஐபிசி-2221னு ஒரு தரவிதி இருக்கு. பூச்சு இல்லாத வெளித்தடத்துல 301லேருந்து 500 வோல்ட் வரைக்கும் குறைஞ்சது 2.5 மி.மீ. விடணும்னு அது சொல்லுது. நான் 4 விட்டேன். நம்ம ஊரு தூசி, மழைக்கால ஈரப்பதம், ஈபி வோல்டேஜ் ராத்திரில ஏறற ஏத்தம், எல்லாத்தையும் நெனச்சு.

செம்பு 70 மைக்ரான். சாதாரணமா வர்றது 35. கனமாக் கேட்டதுக்குக் காரணம் கரன்ட் இல்ல. நம்ம ஆளுங்க ஒரு கெபாசிட்டரைப் போட்டுக் கேப்பாங்க, கழட்டுவாங்க, வேற போட்டுக் கேப்பாங்க. நாலு தடவ சால்டர் உருக்கினா மெல்லிசான பேடு உரிஞ்சு வந்துரும்.

அடுத்தது சூடு. ஈஎல்84 நல்லா சுடும். போர்டு மேலயே வால்வு நின்னா பத்து வருஷத்துல அந்த இடம் கருகும். அதனால நாங்க ஒரு ஏற்பாடு பண்ணினோம். போர்டு சேஸிக்குள்ள, மேல் தகட்டுக்கு அடியில தொங்கும். ரெசிஸ்டர், கெபாசிட்டர் எல்லாம் போர்டோட கீழ்ப்பக்கம். சாக்கெட் மட்டும் மேல்பக்கம். வால்வு தகட்டு ஓட்டை வழியா வெளிய தலை நீட்டும். சூடு மேல போயிரும், பார்ட்ஸ் கீழ குளுமையா இருக்கும்.

நல்ல யோசனைதானே? அதுலதான் பூதம் இருந்துச்சு.

வால்வைத் தலைகீழாப் பிடிச்சு அடிப்பக்கத்தைப் பாத்தா, கால் நம்பர் கடிகார முள் போற திசையில 1, 2, 3னு போகும். எல்லா டேட்டா ஷீட்லயும் படம் அடிப்பக்கத்துலேருந்துதான். மேலேருந்து பாத்தா எதிர்த்திசை. நோட்டுப் பேப்பர்ல போட்ட கோலத்தை வெளிச்சத்துல தூக்கிப் பின்பக்கமாப் பாத்தா இடது வலது மாறுமே, அது மாதிரி. சாக்கெட்டை ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கத்துக்கு மாத்தினப்போ அந்தக் கோலத்தை நான் திருப்பியிருக்கணும். திருப்பல.

சாம்பிள் போர்டு அஞ்சு வந்துச்சு. பாக்க அவ்வளவு லட்சணம். ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து ஒண்ணை முடிச்சேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. புது செட்டுக்கு முதல்ல ஹீட்டர் சப்ளை மட்டும்தான் குடுப்பேன், எச்.டி. (அதான் அந்த 320 வோல்ட்) குடுக்கவே மாட்டேன். லைட்டை அணைச்சுட்டு, வால்வு எல்லாம் ஒவ்வொண்ணா ஆரஞ்சு கலர்ல முழிக்கிறதைப் பாக்கறது ஒரு சுகம். ஒரு சானலுக்கு ரெண்டு ஆம்பியர்: ஈஎல்84 ஒண்ணுக்கு 0.76, ஈசிசி83க்கு 0.3, ஈஎஃப்86க்கு 0.2.

சுவிட்சைப் போட்டேன். ஒரு வால்வு கூட முழிக்கல.

மீட்டரை எடுத்து கால் காலா அளந்தேன். ஈஎல்84ல ஹீட்டர் 4, 5. போர்டுல சப்ளை 5லயும் 6லயும் வந்து நின்னுச்சு. அப்போதான் வயித்தைக் கலக்குச்சு. நாலு ஆறாச்சுன்னா மூணு ஏழாகும். ஏழு ஆனோடு, 300 வோல்ட்டுக்கு மேல வர்ற இடம். மூணு கேத்தோடு. அதாவது எச்.டி. நேரா கேத்தோடுல ஏறியிருக்கும்.

அந்த அஞ்சு போர்டையும் மேசையில வரிசையா வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். அஞ்சு. நாப்பத்தாறு இல்ல. 21 பேரு பணம் போட்ட 46 போர்டு இப்படி வந்திருந்தா? அவங்க பரண்லேருந்து எடுத்த பெல் வால்வை அதுல சொருகியிருந்தா?

அன்னைக்கே குழுவுல உள்ளதை உள்ளபடி எழுதினேன். போட்டோவும் போட்டேன். கோலத்தைத் திருப்பி, கீகேட் ஃபைலை இன்னும் மூணு பேருகிட்ட குடுத்து, மூணு பேரும் தனித்தனியா ஒவ்வொரு காலையும் டேட்டா ஷீட்டோட சரிபாத்தப்புறம்தான் ரெண்டாவது சாம்பிள் அடிச்சோம். (முதல் தடவ 4,000, ரெண்டாவது 3,500.) அது பாடுச்சு. ரெண்டு வாரம் தினமும் மூணு மணி நேரம் ஓட விட்டுத்தான் பெரிய ஆர்டர் குடுத்தோம்.

சாம்பிள் செலவைக் கூட்டுப் பணத்துலதான் போடணும். நடத்துறவரு கைக்காசுன்னு விட்டா, அடுத்த தடவ அவர் சாம்பிள் அடிக்கவே மாட்டாரு. ஆளுக்கு 357 ரூபா. ஒரு நல்ல ஈஎல்84 விலை கூட வராது.

*

சாக்கெட் கதை ஒண்ணு சொல்லணும். வால்வுக் கால் அளவு உலகம் பூரா ஒண்ணுதான். ஆனா போர்டுல சால்டர் பண்ற சாக்கெட்டோட கால் வட்டம் ஆளாளுக்கு மாறும். ஒரு கடையில வாங்கினது 18 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துல உக்காரும், இன்னொரு கடையில வாங்கினது 22 கேக்கும். அதனால சாக்கெட்டை மட்டும் மொத்தமா ஒரே இடத்துல வாங்கிக் குடுத்தோம்.

அதோட நிறுத்திக்கிட்டேன். "அப்படியே டிரான்ஸ்பார்மரும் சேத்துக்கலாமே? சேஸி? கெபாசிட்டர்?" கேக்காதவங்க கெடையாது. ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வேற உலகம். ஈஎல்84 ஜோடிக்கு ஆனோடுக்கு ஆனோடு 8 கிலோ ஓம், இடையில அல்ட்ரா லீனியர் டேப்பு, சுத்துறவரு கைநேர்த்தி, இரும்போட தரம். ஒருத்தருக்குப் பிடிச்ச சத்தம் இன்னொருத்தருக்குப் பிடிக்காது. 21 பேருக்கு 42 டிரான்ஸ்பார்மர் பார்சல் கட்டினா என் முதுகும் தாங்காது, அவங்க தபால் செலவும் தாங்காது. போர்டு, சாக்கெட், அவ்வளவுதான்.

பெரிய ஆர்டர் மார்கழில வந்துச்சு. அதுலயும் ஒண்ணு. சாக்கெட் கால் ஓட்டை 1.4 மி.மீ.ன்னு எழுதியிருந்தோம். ஓட்டைக்குள்ள செம்பு ஏறினப்புறம் 1.4 இருக்கணும்ங்கறது எங்க நெனப்பு. தயாரிச்சவங்க 1.4 டிரில் போட்டு, செம்பு ஏறி, 1.3 ஆயிருச்சு. சாக்கெட் முரண்டு பிடிச்சுது. படத்துல 'முடிஞ்ச அளவு'ன்னு ரெண்டு வார்த்தை சேத்திருந்தா தீந்திருக்கும். உங்க ஆர்டர்ல மறக்காம எழுதுங்க.

குழுவுல எல்லாருக்கும் ஒரே எச்சரிக்கை: டிரில் எடுக்காதீங்க! டிரில் விட்டா உள்ள ஏறின செம்பே உதிர்ந்துரும், மேல் தடத்துக்கும் கீழ் தடத்துக்கும் தொடர்பு போயிரும். சாக்கெட் காலை மூக்குக் குறடால லேசா அழுத்தித் தட்டையாக்குங்க, வழுக்கிக்கிட்டு இறங்கும். 20 பேரு கேட்டாங்க. ஒருத்தர் மெசேஜைப் பாக்கறதுக்குள்ள டிரில் விட்டுட்டாரு. ஸ்பேர்லேருந்து ஒண்ணு அவருக்குப் போச்சு. இன்னொண்ணு புதுச்சேரிக்குப் போற வழியில மூலை உடைஞ்சுது, அதுக்கும் ஸ்பேர். நாலு ஸ்பேர் எதுக்குன்னு கேட்டவங்களுக்கு இதுதான் பதில்.

*

இந்த வேலையிலேயே எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி எதுன்னா, தமிழ்ல ஒரு செய்முறைக் குறிப்பு எழுதினதுதான். நாலு பக்கம்.

திருநெல்வேலி ஐயாதான் காரணம். அவர் பேரன் ஜிபேல பணம் அனுப்பினப்போ கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ், தாத்தா குரல்ல. "தம்பி, சர்க்யூட்டு படம் எனக்குப் போதும். ஆனா கூட வர்ற இங்கிலீசு எனக்கு ஆகாது. தமிழ்ல நாலு வரி எழுதிக் குடுத்தா உபகாரம்."

நாலு வரின்னு ஆரம்பிச்சேன். எழுத எழுத ஒவ்வொரு வார்த்தையும் நிறுத்தி யோசிக்க வச்சுது. நான் கெபாசிட்டர்ங்கறேன், அவர் கண்டன்சர்ங்கறாரு. மின்தேக்கின்னு எழுதினா பள்ளிக்கூடப் புத்தகம் படிச்சவங்களுக்குப் புரியும், ரெண்டு பேரும் கடையில கேக்க முடியாது. கடைசில கடைப் பேச்சு எதுவோ அதையே எழுதினேன். பகுதி எழுதி ஐயாவுக்குப் போன்ல படிச்சுக் காட்டுவேன். "இது சரி. இது புதுப்பய ஒருத்தனுக்கு விளங்காது"ம்பாரு. திருத்துவேன்.

முதல் பக்கம் முழுக்க ஆபத்தைப் பத்தித்தான். பிளக்கைப் பிடுங்கினாலும் ஃபில்டர் கண்டன்சர்ல 320 வோல்ட் அப்படியே நிக்கும். ஆளைக் கொல்லப் போதும். அதனால பவர் போர்டுலயே 100 மைக்ரோஃபேரட் கண்டன்சருக்குக் குறுக்க 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு நிரந்தரமா வச்சுட்டோம். ஆஃப் பண்ணி ஏறத்தாழ 40 செகண்டுல 50 வோல்ட்டுக்குக் கீழ இறங்கிரும். இருந்தாலும் ரெண்டு நிமிஷம் பொறுத்து, மீட்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் கை வைக்கணும்னு பெரிய எழுத்துல போட்டேன். அளக்கும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னாடி. ஐயா ஒண்ணு சேக்கச் சொன்னாரு: "வீட்டுல ஆள் இல்லாத நேரம் எச்.டி.யில வேலை பாக்கக் கூடாதுன்னு போடுங்க." போட்டேன்.

ரெண்டாவது பக்கம் எர்த். ஹம் எங்கேருந்து வருதுன்னு காதாலேயே பிரிக்கலாம். அடித்தொண்டையில ம்ம்ம்னு வந்தா 50 ஹெர்ட்ஸ், ஹீட்டர் ஒயரையும் எர்த் சுத்தையும் பாக்கணும். அதை விடக் கொஞ்சம் மேல, கரகரப்பா வந்தா 100 ஹெர்ட்ஸ், ரெக்டிஃபயருக்கு அப்புறம் இருக்கற ஃபில்டர் போதல. எல்லா எர்த்தும் சேஸியை ஒரே இடத்துல, இன்புட் சாக்கெட் பக்கத்துல மட்டும் தொடணும். ஹீட்டர் ஒயரைப் பின்னல் மாதிரி இறுக்கமா முறுக்கி, சேஸி மூலையோட மூலையா ஓட்டணும்.

ஆச்சரியம் என்னன்னா, இங்கிலீஷ் நல்லாத் தெரிஞ்ச பெங்களூர் எஞ்சினியர் ரெண்டு பேருமே தமிழ்க் குறிப்பை வச்சுத்தான் செஞ்சாங்க. "இதுல யாரோ பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்கு"ன்னாரு ஒருத்தர்.

*

தை மாசம் முதல் செட்டு பாடுச்சு, கோயம்புத்தூர்ல. அப்புறம் ஒவ்வொண்ணா. ஒவ்வொரு செட்டு பாடும்போதும் கணக்குத் தாள்ல அந்தப் பேருக்கு நேரா ஒரு பச்சைக் கட்டம் போடுவேன். காரைக்கால் டாக்டருது மட்டும் ஒரு சானல் சத்தமே வராம ரெண்டு வாரம் படுத்துச்சு. தினம் ராத்திரி போன்ல வோல்டேஜ் பாத்தோம். ஈஎஃப்86 ஆனோடுல எதிர்பாத்த வோல்ட்டை விட ரொம்ப ஜாஸ்தி. ஸ்க்ரீன் ரெசிஸ்டர்ல ஒரு கலர் பட்டை தப்பு, பத்து மடங்கு கூட. சின்ன வெளிச்சத்துல ஆரஞ்சும் மஞ்சளும் ஒண்ணாத்தான் தெரியும். மாத்தினதும் பாடுச்சு. டாக்டர் ராத்திரி பன்னெண்டு மணிக்குப் போன் பண்ணி, தூங்கிட்டு இருந்த அவர் வீட்டம்மாவை எழுப்பிக் கேக்க வச்சதையும் சொன்னாரு.

திருநெல்வேலி ஐயாவுக்குத்தான் தாமதமாச்சு. கண்ல புரை ஆபரேஷன். அது ஆறினப்புறம்தான் சால்டரிங் அயர்னைத் தொட்டாரு. பேரன் பக்கத்துல உக்காந்து பார்ட்ஸ் எடுத்துக் குடுத்தானாம். கலர் கோடு படிக்கறது தாத்தா வாயாலயே அவனுக்கு மனப்பாடம் ஆயிருச்சாம்.

நேத்து பாட்டு முடிஞ்சு, ஹம் இல்லன்னு நாலு தடவ சொல்லி முடிச்சப்புறம், கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு. அப்புறம் கேட்டாரு.

"தம்பி, அந்த மாதிரி போர்டு இன்னும் ஒரு செட்டு இருக்குமா? பய தனியாச் செய்யணும்ங்கான். நான் கை வைக்க மாட்டேன், பாத்துக்கிட்டு மட்டும் இருப்பேன்."

ஸ்பேர் நாலுல ரெண்டு போக ரெண்டு இருக்கு. பவர் போர்டும் இருக்கு. கணக்குத் தாள்ல 22வது வரி சேத்துட்டேன், பையன் பேருலயே. சாக்கெட் காலை நானே தட்டையாக்கி வச்சாச்சு. நாளைக்குக் காலையில ஸ்பீட் போஸ்ட்ல போடணும்.